பழைய மோட்டார் எத்தனை எச்.பி. என்று மட்டும் பார்த்துப் புதுசு வாங்காதீர்கள்

போர் மோட்டாரில் காயில் போய்விட்டால் நேராகக் கடைக்குப் போய், "பழசு ஒன்றரை எச்.பி.ங்க, அதையே குடுத்துருங்க" என்று கேட்பதுதான் நம் பக்கத்து வழக்கம். பல்லடம் வீட்டுக்கு நானும் அப்படித்தான் வாங்கினேன். மோட்டார் ஓடியது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பழையதை இறக்கிய காலத்தில் 300 அடியில் இருந்த தண்ணீர் 480 அடிக்குப் போயிருந்தது. கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எச்.பி.யை வைத்து மட்டும் உயரத்தைக் கணிக்க முடியாது. அதே ஒன்றரை எச்.பி.யில், ஸ்டேஜ் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்கு) குறைவான பம்பு நிறையத் தண்ணீரைக் கொஞ்ச உயரத்துக்குத் தள்ளும். ஸ்டேஜ் அதிகமானது கொஞ்சத் தண்ணீரை வெகு உயரத்துக்கு ஏற்றும். எங்கள் வீட்டுக் கணக்கு 480 அடி, தொட்டி உயரம் 30 அடி, ஆக 510. சுமார் 155 மீட்டர். குழாய் உராய்வுக்கும் சேர்த்து, அந்த ஹெட்டில், அதாவது தண்ணீர் ஏற வேண்டிய மொத்த உயரத்தில், எத்தனை லிட்டர் வரும் என்று கம்பெனி அட்டவணையில் பார்த்திருக்க வேண்டும். மோட்டாரை மேலே எடுத்த அன்றே கயிற்றில் ஒரு போல்ட்டைக் கட்டி இறக்கி, மட்டத்தை அளந்துவிடலாம். அது நின்ற தண்ணீரின் மட்டம்தான். மோட்டார் ஓட ஓட இன்னும் இறங்கும். அதற்கும் இடம் விடுங்கள்.

சரி, பெரிய மோட்டாராகப் போட்டுவிட்டால்? அரை இஞ்சுத் தண்ணீர் மட்டுமே வரும், ஊற்றுக் குறைவான போரில் மூன்று எச்.பி. போட்டால், இருப்பதைச் சீக்கிரம் உறிஞ்சிவிட்டு வெறுமனே ஓடும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரின் சூட்டைத் தணிப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் மறுபடியும் காயில் செலவு.

தண்ணீர் குறைவான, மணல் வரும் போருக்கு, மேலிருந்து காற்றை அழுத்தி உள்ளே விட்டுத் தண்ணீரை ஏற்றும் கம்ப்ரசர் ஒத்துப்போகும். போருக்குள் குழாய் மட்டும்தான், சுற்றும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் அதே தண்ணீரை எடுக்கக் கரண்ட் அதிகம் தின்னும், சத்தமும் அதிகம். நல்ல ஊற்றுள்ள போருக்கு அதை வைப்பது வீண்.

பழைய பேனல் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வது இன்னொரு தப்பான சிக்கனம். சிங்கிள் பேஸ் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் அளவு பொருந்த வேண்டும். த்ரீ பேஸுக்கு, ஒரு பேஸ் போனால் நிறுத்திவிடும் கருவி வேண்டும். கேபிளும் அப்படித்தான்: மோட்டாரை இன்னும் ஆழத்தில் விட்டால் நீளம் கூடும், மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கும்.

உள்ளே எண்ணெய் நிரப்பிய ஆயில் மோட்டாரா, தண்ணீர் நிரப்பிய தண்ணீர் மோட்டாரா? குடிக்கவும் அதே போர்தான் என்றால் நான் தண்ணீர் மோட்டார் பக்கம். சீல் போனாலும் எண்ணெய் கலக்கிற பயம் இல்லை. அப்புறம் ஒன்று, இறக்கும் முன் அதற்குள் சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும். அவசரத்தில் ஆட்கள் மறந்துவிடுவார்கள். குடத்தோடு பக்கத்திலேயே நில்லுங்கள்.