டபுள் பேஸ் தந்திகளைச் சோதித்து ஒப்பிடுவது எப்படி

வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த ஒலி கொண்ட கருவியான டபுள் பேஸில் பழைய தந்தியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டியவுடன், அது எந்த நிறுவனத்தின் தந்தியாக இருந்தாலும், ஒலி தெளிவாகவும் பளிச்சென்றும் கேட்கும். இரண்டு ஆண்டுகள் வியர்வையும், வில்லில் பூசும் பிசினான ரோசினின் தூளும் ஏறிக் களைத்துப்போன தந்திக்குப் பக்கத்தில் புதியது எதுவும் சிறப்பாகத்தான் தோன்றும். அந்த முதல் நாள் மகிழ்ச்சியை அந்தத் தந்தியின் குணம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பலர் ஆண்டுக்கு ஒரு வகையை மாற்றியும் தமக்கு வேண்டிய ஒலியைக் கண்டடையாமல் இருக்கிறார்கள். தந்திகளை ஒப்பிடுபவர் இரண்டு வகைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கேட்க வேண்டுமே தவிர, பழையதற்கும் புதியதற்கும் இடையிலான வேறுபாட்டையோ, தந்தி விரற்பலகையிலிருந்து உயர்ந்து நிற்பதற்கும் தாழ்ந்து நிற்பதற்கும் இடையிலான வேறுபாட்டையோ கேட்டுவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. இங்கே சொல்லப்படும் ஒழுங்குமுறை முழுவதும் அதற்காகவே.

முதலில், வில்லால் வாசிப்பது உங்களுக்கு முதன்மையா, விரலால் மீட்டுவது முதன்மையா என்பதை நேர்மையாக முடிவு செய்யுங்கள். வியன்னாவின் தோமாஸ்டிக் இன்ஃபெல்ட் நிறுவனத்தின் ஸ்பைரோகோர், முறுக்கிய எஃகு இழைகளை உள்ளீடாக, அதாவது மேற்சுற்றுக்கு உள்ளே இருக்கும் நடுப்பகுதியாகக் கொண்டது. விரலால் மீட்டினால் ஒலி நெடுநேரம் நிற்கும், சற்றே உறுமலும் கலந்திருக்கும். ஜாஸ் வாசிப்பவர்கள் பல பத்தாண்டுகளாக அதைக் கைவிடாததற்கு இதுவே காரணம். ஆனால் வில்லுக்கு அது எளிதில் பணியாது, புதிதாக இருக்கும்போது கீச்சிடவும் செய்யும். ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ நிறுவனம் செய்யும் ஃபிளெக்சோகோர் போன்ற தந்திகள் இதற்கு நேர் எதிரானவை. அவை வில்லை உடனே பற்றிக்கொள்ளும், ஆனால் மீட்டும்போது ஒலி விரைவில் அடங்கிவிடும். அதே நிறுவனத்தின் ஈவா பிராட்சியும் ஆப்ளிகாட்டோவும் செயற்கை இழை உள்ளீடு கொண்டவை. இரண்டு வேலைக்கும் ஒரே கருவியை வைத்திருப்பவர்கள் நாடிச் செல்லும் நடுவழி அது. அமெரிக்காவின் டிஅடாரியோ, ஹெலிகோர் என்ற ஒரே பெயரில் ஆர்கெஸ்ட்ரா (வில்லுக்கு), ஹைபிரிட் (இரண்டுக்கும்), பிட்சிகாட்டோ (மீட்டலுக்கு) என மூன்று வகைகளை விற்கிறது என்பதே இந்தத் தேவைகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும். ஆட்டுக்குடல் நரம்பு இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. அதன் ஒலி தடித்தும் வெதுவெதுப்பாகவும் இருக்கும், ஆனால் காற்றின் ஈரப்பதம் மாறினால் சுருதியும் மாறும். ஆகவே சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் குடல் நரம்பைச் சோதிப்பவர் மழைக்காலத்திலும் ஒருமுறை கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

பழைய தந்தியைக் கழற்றும் முன்பே ஒப்பீடு தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் ஒலியைப் பற்றிய நம் நினைவு ஒரு நாள்கூட நம்பத்தக்கதாக இருப்பதில்லை. ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத ஒரு வாசிப்பு வரிசையை உங்களுக்கென அமைத்துக்கொண்டு, இருக்கும் தந்தியில் அதைப் பதிவு செய்யுங்கள். ஜி, டி, ஏ, ஈ என உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரையுள்ள நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல், திறந்த நிலையில், மெதுவான முழு வில்லில் வாசிப்பது, எந்தத் தந்தி மற்றவற்றைவிட உரத்தோ மங்கியோ இருக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு தந்தியிலும் மிக மெல்லிய ஒலியில் வில்லைத் தொடங்குவது, அது எவ்வளவு விரைவாகப் பேசுகிறது என்று காட்டும். ஒரே சுரத்தை ஜி தந்தியிலும், டி தந்தியின் மேற்பகுதியிலும், ஏ தந்தியின் இன்னும் மேலான இடத்திலும் மாற்றி மாற்றி வாசிப்பது மிகப் பயனுள்ள சோதனை என்பது என் கருத்து. கீழே நன்றாக ஒலிக்கும் பல தந்திகள் கழுத்தின் மேற்பகுதியில் மூச்சடைத்துப்போவது அப்போதுதான் வெளிப்படும். அதன் பிறகு தாளத்துக்கு ஒரு சுரமாக நடைபோடும் ஒரு மீட்டல் வரியும், ஓநாய்ச் சுரம் எனப்படும் நடுங்கும் சுரம் உங்கள் கருவியில் எங்கே வருகிறதோ அந்த இடமும் போதும். ஒலிவாங்கியின் இடம், அதற்கும் கருவிக்கும் உள்ள தொலைவு, அறை, வில், ரோசின் ஆகிய எதுவும் பிறகு மாறக்கூடாது. கைபேசியில் பதிவு செய்தால் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் இழக்கப்படும் என்பதையும், அதன் தானியங்கி ஒலியளவுச் சீராக்கம் உரத்த தந்திக்கும் மெலிந்த தந்திக்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிறகு உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். விரற்பலகை முடியும் இடத்தில் பலகைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு தந்திக்கும் மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். புதிய தந்தியின் தடிமனும் விறைப்பும் மாறும்போது இந்த இடைவெளியும் மாறும். ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே ஒலி பெரிதாகவும் இடது கைக்குப் பளு கூடியதாகவும் தோன்றும். அந்த வேறுபாட்டைத் தந்தியின் கணக்கில் எழுதிவிடுவதே நான் அடிக்கடி காணும் பிழை. தந்திகளைத் தாங்கும் மரப்பாலமான குதிரையில் உயரத் திருகு இருந்தால் பழைய அளவுக்கே கொண்டுவந்த பிறகு கேளுங்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டுமே கழற்ற வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ நூறு கிலோ எடைக்கு நிகரான இழுவிசையைத் தாங்கி நிற்கின்றன. கருவிக்குள் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரத்தூண் ஒட்டப்படாமல் அந்த அழுத்தத்தால் மட்டுமே நிலைபெற்றிருப்பதால், எல்லாவற்றையும் ஒருசேரத் தளர்த்தினால் அது விழுந்துவிடக்கூடும். அதை அதே இடத்தில் மறுபடி நிறுத்துவது ஒரு கைவினைஞரின் வேலை. சற்று விலகி நின்றாலே கருவியின் ஒலி முழுவதும் மாறிவிடும் என்பதால் உங்கள் ஒப்பீடும் அங்கேயே முடிந்துபோகும். குதிரையிலும் விரற்பலகையின் தலைப்பிலும் உள்ள பள்ளங்களில் மென்மையான பென்சிலால் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் வழுக்கிச் செல்லும். புதிய தந்தி பள்ளத்தைவிடத் தடித்திருந்தால் அதை அழுத்தி இறக்காதீர்கள். எஃகிலிருந்து குடல் நரம்புக்கு மாறுபவர்கள் பள்ளத்தை அகலப்படுத்தியே ஆக வேண்டும், அப்படி அகலப்படுத்தியபின் எஃகுத் தந்தி அதில் சரியாக அமராது என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். சுருதி ஏற ஏற குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் இழுக்கப்படும். ஒவ்வொரு தந்திக்குப் பிறகும் பக்கவாட்டில் நின்று பார்த்து, இரு கைகளாலும் அதை மெல்ல நேராக்குங்கள்.

இப்போது பொறுமை வேண்டும். எஃகுத் தந்தி சில நாட்களில் சுருதியில் நிலைத்துவிடும், ஆனால் அதன் உலோகக் கூர்மை அடங்க வாரங்கள் ஆகலாம். ஸ்பைரோகோரை வில்லால் வாசிப்பவர்கள் அதை மாதக்கணக்கில் பழக்குவதும் உண்டு. செயற்கை உள்ளீடு முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். ஆகவே முதல் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என மூன்று முறை அதே வாசிப்பு வரிசையைப் பதிவு செய்து, முப்பதாம் நாள் பதிவை வைத்தே தீர்ப்புச் சொல்லுங்கள். முதல் நாள் பதிவு வேறொரு புதிய தந்தியின் முதல் நாள் பதிவோடு மட்டுமே ஒப்பிடத் தக்கது.

வாசிப்பவரின் காதுக்குக் கேட்பதும் அவையில் இருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றல்ல. ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியை இந்தப் பெரிய உடலாலும் வலுவாக வெளியிட முடிவதில்லை, எனவே நாம் அந்தச் சுரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மேற்சுரங்களைக் கொண்டுதான். அருகில் கரகரப்பாகத் தோன்றும் ஒரு தந்தி பத்து மீட்டருக்கு அப்பால் ஒவ்வொரு சுரமும் பிரிந்து தெளிவாகக் கேட்பதற்கும், அருகில் இனிமையாக இருந்த தந்தி மற்றக் கருவிகளுக்கிடையில் கரைந்துபோவதற்கும் இதுவே காரணம். ஆகவே நண்பர் ஒருவரை உங்கள் கருவியில் வாசிக்கச் சொல்லிவிட்டு அறையின் மறுகோடியில் நின்று கேளுங்கள். உங்கள் குழுவோடு குறைந்தது இரண்டு ஒத்திகைகளாவது வாசியுங்கள். பதிவுகளைக் கேட்கும்போது, எது எந்தத் தந்தி என்று தெரியாதபடி வேறொருவர் வரிசையை மாற்றி ஒலிக்கவிட்டால், விலையும் பெயரும் உங்கள் காதில் குறுக்கிடாது.

முழுத் தொகுதி வாங்கப் பணம் இடம் தராதபோது ஏ தந்தியை மட்டும் வாங்கிப் பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் ஜி தந்தியை மட்டும் மாற்றிவிட்டு முழுத் தொகுதியின் குணத்தை ஊகிப்பது தவறாகவே முடியும், ஏனெனில் ஒரே தொகுதியில் மேல் தந்தியும் கீழ் தந்தியும் வெவ்வேறு உலோகச் சுற்றும் வெவ்வேறு இழுவிசையும் கொண்டிருக்கலாம். பிறர் பயன்படுத்திய தந்தியை வாங்குவதும் நல்ல வழியே, சுருதி சேர்க்கும் முறுக்காணியான பிரடையில் சுற்றிய மடிப்பு இப்போது அதிரும் பகுதிக்குள் வராதவரை. இன்னொன்றையும் கவனியுங்கள். தனி வாசிப்புக்காக ஒரு முழுச் சுரம் உயர்த்திச் சுருதி சேர்ப்பவர்கள் அதற்கென்றே செய்த மெலிந்த தந்திகளைப் பயன்படுத்த வேண்டும். வழக்கமான ஆர்கெஸ்ட்ரா தந்தியை அவ்வாறு உயர்த்தினால் இழுவிசை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், அந்தச் சுமை கருவியின் மேல்பலகை மீதுதான் இறங்கும்.

கழற்றிய தந்திகளைத் தூக்கி எறியாமல், பெரிய வளையமாகச் சுற்றி, தேதியும் எத்தனை மாதம் வாசித்தீர்கள் என்பதும் எழுதி உறையில் இட்டு வையுங்கள். புதியதைப் பற்றி முடிவுக்கு வந்துவிட்டதாக நினைக்கும் நாளில் பழையதையே மறுபடி பூட்டி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். அந்த வாரத்தில் உங்கள் கை எதைத் தேடுகிறது, காது எதைத் தேடுகிறது என்பதைத் தனித்தனியே எழுதிக்கொண்டு, அதன் பிறகு அடுத்த தொகுதியை வாங்குங்கள்.