சின்னக் காரில் எண்ணெய் மிச்சம் பிடிக்க

பிரேக் அடிக்கடி மிதிபடுகிற காரில் எண்ணெய் சீக்கிரம் தீரும். என் தம்பி மனைவியிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். அவளும் என்னைப் போலவே ஹோண்டா ஜாஸ் 1.3 வைத்திருக்கிறாள். சிங்கப்பூரில் யீஷூனிலிருந்து பாய லேபார் வரை இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பாதை. ஆனாலும் எண்ணெய் நிலையத்துக்கு என்னைவிட அவள்தான் அடிக்கடி போகிறாள்.

கார் வேகம் பிடிப்பது பெட்ரோலை எரித்துத்தான். பிரேக்கை மிதித்தால் அந்த வேகம் சூடாகிக் காற்றோடு போய்விடும். அதனால் தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியர் டி-யிலேயே இருக்கட்டும். அப்போது சக்கரங்களே இன்ஜினைச் சுற்றவைக்கும், பெட்ரோல் உள்ளே போவது நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் மிச்சம் என்று சில அங்கிள்கள் சத்தியமே செய்வார்கள். நம்பாதீர்கள். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருப்பதற்கே பெட்ரோல் வேண்டும், அவசரத்துக்குச் சட்டென்று நகரவும் முடியாது.

காலையில் சிடிஇ விரைவுச்சாலையில் அங் மோ கியோவிலிருந்து பிராடல் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். "இடைவெளி விட்டால் இன்னொரு கார் நுழைஞ்சிடுமே அக்கா" என்பாள். நுழையட்டுமே! இடைவெளி இருந்தால் நிற்காமல் மெல்ல உருண்டுகொண்டே போகலாம். ஒட்டிக்கொண்டே போனால் பாய்வதும் மிதிப்பதும்தான் வேலை.

பச்சை விழுந்ததும் பாய வேண்டாம், அதற்காக நத்தையாகவும் வேண்டாம். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,000, 2,500 பக்கம் இருக்கும்படி வேகம் பிடித்து, அப்புறம் காலைத் தளர்த்துங்கள். விரைவுச்சாலையில் 80ஐ விட்டு 90க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. 20 கிலோமீட்டர் ஓட்டினாலும் அதில் மிச்சமாகும் நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. புளோக்கில் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே அது போய்விடும்.

நம் ஊர் வெயிலில் ஏசியை அணையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏறும் முன் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியே விட்டு, பிறகு உள்காற்றே சுற்றும்படி வைத்தால் போதும். ஆனால் பிள்ளைக்காகப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்தே ஆக வேண்டும். ஓடவிட்டபடி நிற்பது இங்கே குற்றம், அபராதம் உண்டு.

டயர் காற்றை வண்டி சூடாகும் முன் பாருங்கள், அளவு ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். கையேடு 92 அல்லது 95 ஆக்டேன் பெட்ரோல் போதும் என்றால் 98 ஊற்றுவது வீண் செலவு. எல்லை தாண்டி ஜொகூரில் மலிவாக ஊற்றிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு, இங்கிருந்து கிளம்பும்போதே டேங்க் முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கவே இருக்கிறது.

மிச்சம் பிடிக்கிறதா என்று பார்க்க, டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே பம்பில், அது தானாக நிற்கும் வரை ஊற்றி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். டாஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமானது. பள்ளி விடுமுறை வாரத்துக் கணக்கை மட்டும் சேர்க்காதீர்கள். சாலை காலியாக இருந்ததை உங்கள் காலின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடுவீர்கள்.