துப்பாக்கி உறை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு நகரத்பேட்டை, சிக்பேட்டை பக்கம் நகைத் தொழில் செய்யும் நம்மவர்கள் சிலர் லைசென்ஸ் எடுத்து ரிவால்வர் வைத்திருக்கிறார்கள். அடகுக்கடைக்காரர்கள் சிலரிடமும், பணம் கொண்டுபோகும் வண்டிக்குக் காவலாகப் போகும் முன்னாள் ராணுவத்தினர் சிலரிடமும் உண்டு. அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் மையம் இருப்பதால், ஓய்வு பெற்ற பின் இந்த ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் நிறைய. நானும் அவர்களில் ஒருவன். புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்களுக்கு அதைக் கையாளச் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இன்றைய பிள்ளைகளும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். டிரிகரில் விரல் வைக்காதே, குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. லைசென்ஸுக்கு முன் எடுக்கும் பாதுகாப்புப் பயிற்சியிலேயே அது வந்துவிடும். அந்தப் பயிற்சியில் யாரும் நின்று விளக்காத ஒரு பொருள் ஹோல்ஸ்டர், அதாவது உறை.

கடையில் சேர்த்துக் கொடுத்த உறையை அப்படியே மாட்டிக்கொள்வது

எனக்கு இன்னும் கோபம் வருகிற தவறு இதுதான். லட்சத்தைத் தொடும் விலை கொடுத்து ரிவால்வர் வாங்குகிறார்கள். கூடவே ஒரு ரெக்ஸின் பை, அல்லது துணியில் தைத்த உறை. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்று அர்த்தம்.

ஸ்ரீராம்புரத்தில் அடகுக்கடை வைத்திருக்கும் ஒருவரின் மகன், புதிதாக வாங்கிய .32 (தோட்டாவின் அளவு) ரிவால்வரோடு பயிற்சிக்கு வந்தான். நல்ல பையன், நிதானமானவன். தோட்டாக்களை எல்லாம் எடுக்கச் சொல்லி, சிலிண்டரின், அதாவது தோட்டாக்கள் நிற்கும் உருளையின், ஆறு அறைகளையும் இருவரும் விரல் விட்டுத் தடவிப் பார்த்தோம். பிறகு, "தம்பி, உருவு. திரும்ப உள்ளே போடு" என்றேன்.

உருவினான். உறையின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. திரும்பப் போடும்போது குழலின் நுனியால் வாயைத் துழாவினான், கிடைக்கவில்லை. இடது கையைக் கொண்டுவந்து இரண்டு விரலால் வாயைப் பிரித்தான். அந்த இரண்டு விரலுக்கு நேர் எதிரே குழல். "சார், இப்ப போயிடும்" என்று அழுத்தினான். ரெக்ஸினின் ஓரம் உள்பக்கமாக மடங்கி, டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் நுழைந்துவிட்டது. அவன் துப்பாக்கியைக் கீழே தள்ளத் தள்ள, மடிந்த ரெக்ஸின் டிரிகரைப் பின்னால் தள்ளியது. நான் பின்பக்கம் ஹாமரையே, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலையே, பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல எழும்பியது. அவன் விரல் டிரிகர் பக்கமே இல்லை, வெளியே நேராக நீட்டித்தான் வைத்திருந்தான். படித்த பாடத்தை அவன் மீறவே இல்லை. "நிறுத்து" என்று கையைப் பிடித்தேன். எழும்பி நின்ற ஹாமரை அவனுக்குக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. அதுவரை ஒரு வாரம் அதே உறையில், ஆறு தோட்டாவோடு, தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்திருக்கிறான்.

நல்லவேளை, அது ரிவால்வர். அதன் டிரிகர் கனமானது, நீளமாக இழுக்க வேண்டும், ஹாமர் எழும்புவது கண்ணுக்கும் தெரியும். அதனால் ரிவால்வரை உறைக்குள் போடும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை ஹாமர் மேல் வைத்துக்கொண்டே போடுங்கள். ஏதோ ஒன்று டிரிகரை அழுத்தினால் ஹாமர் கட்டைவிரலை முட்டும், உடனே நிறுத்திவிடலாம். பிஸ்டலில் பல மாடல்களில் இந்த வசதி கிடையாது. சேஃப்டியை, அதாவது துப்பாக்கி வெடிக்காமல் பூட்டும் நெம்புகோலை, நம்பலாமே என்பார்கள். இறுக்கமான உறைக்குள் போட்டு எடுக்கும் உரசலிலேயே அந்தச் சின்ன நெம்புகோல் இறங்கிவிடலாம். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சரி, உறையில் எதைப் பார்க்க வேண்டும்? முதல் வேலை, டிரிகரை முழுதாக மூடுவது. வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தினாலும் டிரிகர் வரை அந்த அழுத்தம் போகக் கூடாது. இரண்டாவது, துப்பாக்கியை எடுத்த பின்னும் வாய் திறந்தே நிற்க வேண்டும். ஒற்றைக் கையால், இன்னொரு கையின் உதவியே இல்லாமல் உள்ளே போட முடிய வேண்டும். மூன்றாவது, துப்பாக்கியை உருவினால் துப்பாக்கி மட்டும் வர வேண்டும். மலிவான கிளிப் வைத்த உறை, துப்பாக்கியோடு சேர்ந்தே பெல்ட்டிலிருந்து கழன்று வந்துவிடும். மறைப்பது நான்காவது வேலைதான். பெரும்பாலானவர்கள் அதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். மெலிசாக, மெத்தென்று, சட்டைக்கு வெளியே தெரியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மெலிசும் மெத்தும்தான் டிரிகருக்கு ஆகாத குணங்கள்.

வாங்கிய அன்றே வீட்டில் சோதித்துப் பாருங்கள். தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கி காலிதான் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, உறையில் போட்டுக் கட்டில் மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். விழுந்தால் அந்த உறை வேண்டாம். பிறகு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நடங்கள், குனியுங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள். உறை ஒரு விரல்கடை நகர்ந்தாலும் வேண்டாம்.

அமெரிக்க வீடியோ பார்த்து ஆர்டர் போடுவது

அந்த வீடியோக்களில் வரும் கைடெக்ஸ் உறைகள் அருமையானவை, மறுக்கவில்லை. சூடாக்கி அச்சில் அழுத்திய கெட்டியான பிளாஸ்டிக். வாய் மடங்காது, டிரிகர் பத்திரம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு மாடலுக்கு மட்டும் செய்தது, பெரும்பாலும் அங்கே விற்கும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல்களுக்கு. நமக்கு 9 மி.மீ. என்பதே தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் நம் கையில் இருப்பது பெரும்பாலும் கான்பூர் .32 ரிவால்வர், அல்லது அஷானி பிஸ்டல். 2014-இல் வந்த நிர்பீக்கும் .32 ரிவால்வர்தான். ரிவால்வரின் சிலிண்டர் இரு பக்கமும் புடைத்து நிற்கும், தட்டையான பிஸ்டலின் உறைக்குள் அது உட்காராது. "கொஞ்சம் லூஸாத்தான் இருக்கு, பரவாயில்லை சார்" என்று ஒருவர் காட்டிய உறையில் டிரிகரில் பாதி வெளியே தெரிந்தது.

தோலில் அளவெடுத்துத் தைப்பதுதான் நமக்கு நடைமுறை வழி. தோல் விஷயத்தில் நம் பக்கமே கைவசம் நல்ல சரக்கு இருக்கிறது. திண்டுக்கல், திருச்சிப் பக்கம் மரப்பட்டையில் பதனிடும் தோலுக்குப் புவிசார் குறியீடே உண்டு. முன்பு ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். அந்த வகைத் தோல், மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில் கேளுங்கள். நனைத்து அச்சின் மேல் அழுத்தி நிழலில் உலர விட்டால், அந்த வடிவத்திலேயே கெட்டியாக நின்றுவிடும். செருப்புக்கும் கைப்பைக்கும் வரும், குரோம் உப்பில் பதனிட்ட தோல் அப்படி நிற்காது, சில மாதத்தில் துவண்டுவிடும். அதிலுள்ள உப்பு இரும்பையும் அரிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தைப்பவரிடம் துப்பாக்கியை விட்டுவிட்டு வராதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்து வைப்பது குற்றம், அது காலியாக இருந்தாலும் சரி. ஒரு தச்சரிடம் அளவு சொல்லி மரத்தில் அதே வடிவம் செதுக்கிக் கொடுத்துவிட்டால் தோல்காரருக்கு அது போதும். டிரிகர் வளையம், சிலிண்டரின் புடைப்பு, குழலின் நீளம் மூன்றும் துல்லியமாக இருக்க வேண்டும். முடிந்ததும் உங்கள் வீட்டில், காலித் துப்பாக்கியைப் போட்டுப் பாருங்கள்.

உடம்பில் எங்கே என்பதைக் கண்ணாடி முன் நின்று முடிவு செய்வது

நின்றால் எல்லா இடமும் சரியாகத்தான் தெரியும். நாளில் அதிக நேரம் எப்படி இருக்கிறீர்களோ, அந்த நிலையில் போட்டுப் பார்க்க வேண்டும். நகரத்பேட்டைப் பட்டறைக்காரர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்காருகிறார். வலது இடுப்பில் தாழ்வாகத் தொங்கும் உறை அவருக்குத் தரையில் முட்டி, துப்பாக்கியை மேலே தள்ளிச் சட்டையைத் தூக்கிவிடும். அவருக்குப் பெல்ட்டுக்கு மேலே ஏறி நிற்கும் உறைதான் சரி. அதே வலது இடுப்பு, எலும்புக்குச் சற்றே பின்னால், நாற்காலியில் உட்காருபவருக்கும் நின்று வேலை செய்பவருக்கும் நன்றாகப் பொருந்துகிறது. புதியவர்கள் எல்லோரையும் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்கிறேன். கை இயல்பாகப் போகும் இடம், குழலும் தரையைப் பார்த்தபடி இருக்கும்.

முன்பக்கம், தொப்புளுக்கு வலப்புறம் வைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. சீக்கிரம் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் அங்கே குழல் பார்ப்பது உங்கள் அடிவயிற்றையும் தொடையின் பெரிய ரத்தக்குழாயையும். அந்தக் குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது, அதுவும் சில்க் போர்டு டிராஃபிக்கில். கெட்டியான உறையும் நீண்ட பயிற்சியும் வந்த பிறகு யோசிக்கலாம். தொப்பை இருப்பவர் குனியும்போது துப்பாக்கியின் பிடி வயிற்றில் குத்தும், ஒரு வாரத்தில் அவரே கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுவார். டிராயரில் பூட்டில்லாமல் கிடக்கும் துப்பாக்கி அடுத்த ஆபத்து.

காரில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இடது இடுப்பில் குறுக்காக வைத்து வலது கையால் எடுப்பது ஓட்டுநருக்கு வசதி என்று வெளிநாட்டில் சொல்வார்கள். அவர்கள் காரில் சீட் பெல்ட்டின் பூட்டு வலது இடுப்பருகே இருக்கிறது. நமக்கு இடது இடுப்பருகே. பெல்ட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கை துப்பாக்கியின் மேல் போய் இடிக்கும். அவர்கள் யோசனை நமக்குத் தலைகீழ்.

முதுகின் நடுவில்

வேண்டாம். வழுக்கி விழுந்தால் நேராக முதுகெலும்பில் அடி.

தோளுக்குக் கீழே

பெங்களூரு குளிரில் ஜாக்கெட் போட முடிகிறது என்பதால் ஆசைப்படுகிறார்கள். பல உறைகளில் குழல் பின்னால் நிற்பவரைப் பார்க்கும். வேண்டாம்.

வேட்டி பெல்ட்டின் பையில்

வேட்டி கட்டுவது பெரும்பாலும் கல்யாணத்துக்குத்தான். அங்கே துப்பாக்கியே கொண்டுபோகாதீர்கள். கொண்டாட்டத்தில் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெல்ட்டுக்குச் செலவு செய்யாமல் இருப்பது

ஆபீஸ் பெல்ட் துப்பாக்கியின் எடையில் மெல்லச் சரியும். உறை வெளிப்பக்கம் சாயும், சட்டைக்கு மேல் ஒரு முட்டு தெரியும். பிறகு நாள் முழுக்க அதைக் கையால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். மறைவாக வைத்திருப்பவரைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கைதான். இரண்டு அடுக்குத் தோல் வைத்துத் தைத்த, உறையின் கண்ணிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமுள்ள பெல்ட் வாங்குங்கள்.

மறைத்தால் போதும் என்று நினைப்பது

2016 ஆயுத விதிகளில் 32-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி, உடலோடு சேர்ந்த உறையிலோ அதற்கேற்ற தோள்பையிலோ இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் காற்றுக்குச் சட்டை பறந்து பிடி வெளியே தெரிந்தால் மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை போயிற்று. பையை இருக்கையில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கப் போனால் கட்டுப்பாடு என்ற நிபந்தனை போயிற்று. வண்டி ஓட்டுபவர்கள் சட்டைக்கு மேல் ஜிப் போட்ட ஜாக்கெட் அணியுங்கள். மெட்ரோவில் ஆயுதத்துக்கு அனுமதி இல்லை, அன்றைக்கு வேறு வழியில் போங்கள் அல்லது வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள்.

கழிப்பறையில்

இதைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். பேன்ட்டை இறக்கும்போது பெல்ட் தளர்ந்து துப்பாக்கி தரையில் விழும் என்று பயந்து, அதை உருவித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைக்கிறார்கள். அங்கேயே மறந்துவிட்டு வெளியே வருகிறார்கள். அடுத்து உள்ளே போகிறவர் ஹோட்டலில் மேஜை துடைக்கும் பையனாக இருக்கலாம். உறையை விட்டுத் துப்பாக்கியைப் பிரிக்காதீர்கள். கெட்டியான உறையாக இருந்தால் அதிலேயே வைத்து, பெல்ட்டைத் தளர்த்தியபின் முழங்காலுக்கு இடையே, கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொள்ளலாம். எழும்போது முதலில் பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, அதன் பிறகே கதவைத் திறங்கள்.