பில்ஜில் தண்ணீர் நிற்கிறதா? கசிவைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பாய்மரப் படகின் பில்ஜில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்ததும் பலருடைய கை நேராக சீலன்ட் டியூபுக்குத்தான் போகிறது. ஈரம் தெரிகிற இடத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, இரண்டு நாள் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மழையிலோ அடுத்த பயணத்திலோ தண்ணீர் மறுபடி வந்து நிற்கும். மொட்டைமாடியில் ஒரு மூலையில் விரிசல், கூடத்தில் வேறொரு சுவரில் ஈரம் என்கிற கதைதான் இதுவும். பில்ஜ் என்பது படகின் மிகத் தாழ்வான இடம். எங்கே நுழைந்த தண்ணீரும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

அதனால் "எங்கே ஒழுகுகிறது" என்று டார்ச்சும் கையுமாகக் கிளம்புவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: அது என்ன தண்ணீர், எப்போது சேர்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

கண்ணெதிரே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மி.மீ. ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் உள்ளே வரும். அப்போது ஆராய்ச்சிக்கு நேரமில்லை. பம்பைப் போட்டுவிட்டு சீகாக்குகளை (படகின் அடியிலுள்ள துளைகளை மூடும் வால்வுகள்) மூட வேண்டும். இங்கே பேசுவது நாள்கணக்கில் மெல்லச் சேரும் தண்ணீரைப் பற்றி.

நாக்கில் வைத்துப் பார்ப்பது

உப்பா, நல்ல தண்ணீரா என்று விரலால் தொட்டு ருசி பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பில்ஜில் டீசல், எஞ்சின் ஆயில், கழிவறைக் குழாயிலிருந்து கசிந்தது எல்லாம் கலந்திருக்கலாம். பல எஞ்சின் கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் உப்பளவு பார்க்க வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே இந்த வேலைக்குப் போதும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அளவு அதை ஒட்டி வந்தால் வெளியிலிருந்து வரும் கடல். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மழை, குடிநீர் டேங்க், சுடுநீர் டேங்கின் பிரஷர் வால்வு, ஐஸ்பெட்டியின் வடிகால், ஷவர் என்று சந்தேகப் பட்டியலே மாறிவிடும்.

இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. முன்பு எப்போதோ நின்ற கடல்நீர் காய்ந்து, பில்ஜின் சுவரெங்கும் உப்பாகப் படிந்திருக்கும். அதன்மேல் மழைநீர் வந்து நின்றால் அதுவும் உப்புத் தண்ணீராகத்தான் காட்டும். ஆகவே முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, இறைத்து, துடைத்துவிட்டு, அதன்பின் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் அளக்க வேண்டும். கழுவிய பிறகும் அளவு நடுவாந்திரமாக வந்தால், ஒரு கசிவு அல்ல, இரண்டு கசிவு என்று வைத்துக்கொண்டு தேடுவது நல்லது. பழைய படகுகளில் இது சகஜம். ஏரியில் ஓடும் படகுக்கு உப்புக் கணக்கு உதவாது. அங்கே குடிநீர் டேங்கில் கொஞ்சம் உணவுச் சாயத்தைக் கலந்துவிட்டு, பில்ஜில் நிறம் இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

காயவிடாமல் தேடுவது

ஏற்கெனவே நனைந்த இடத்தில் புதுத் தண்ணீர் வந்த தடம் தெரியாது. பம்ப் கடைசிச் சொட்டுவரை இறைப்பதில்லை. மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, துணியால் துடைத்து, காற்றாடி வைத்து முழுசாக உலர்த்த வேண்டும். அதன்பின் டால்கம் பவுடரைச் சந்தேகமுள்ள இடங்களில் மெல்லத் தூவிவையுங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் வெள்ளையில் கோடு விழும். சீகாக், குழாய்க் கிளாம்ப், வேகமானி பொருத்திய துளை ஒவ்வொன்றின் அடியிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டால் எது நனைந்தது என்று காலையில் தெரிந்துவிடும். பில்ஜின் அறைகளை இணைக்கும் சிறு துளைகளைக் களிமண்ணால் தற்காலிகமாக அடைத்து வைத்தால், தண்ணீர் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்பதும் பிரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த அடைப்புகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பம்புக்கு வந்து சேராது.

இன்னொன்று: பல ஃபைபர் படகுகளில் ஹல்லுக்கும் (படகின் வெளி உடல்) உள் மோல்டிங்குக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு. அங்கே தேங்கிய தண்ணீர் படகு சாயும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இரண்டு மூன்று முறை பாய் விரித்து இரு பக்கமும் சாய்ந்து வந்து, ஒவ்வொரு முறையும் துடைத்தால்தான் பழைய சரக்கு தீரும்.

எல்லாப் பழியும் ஸ்டஃபிங் பாக்ஸ் மேல்

ஸ்டஃபிங் பாக்ஸ் என்பது புரொப்பல்லர் ஷாஃப்ட் ஹல்லை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு. அதனால் முதல் சந்தேகம் அங்கே போவது நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 3 சொட்டு விழுந்தால் நாளெல்லாம் சேர்ந்தாலும் 200 மில்லி சொச்சம்தான். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், வாரத்தில் 30 லிட்டர். பில்ஜில் சேர்ந்த அளவும் நீங்கள் எண்ணிய சொட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் குற்றவாளி வேறு ஆள்.

ஷாஃப்ட்டைச் சுற்றித் திரி அடைத்த பழைய வகையில் ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு விழுவது கோளாறு அல்ல. அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் விழக்கூடாது என்று நட்டை முறுக்கித் தள்ளினால் சூடேறி ஷாஃப்ட் தேய்ந்துவிடும். எஞ்சின் நிற்கும்போது மட்டும் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்வதும் தப்பு. கடல்நீர் பம்பின் சீல், எக்ஸாஸ்ட் குழாய் இரண்டும் பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போதுதான் ஒழுகும். சுக்கான் தண்டின் சீலைப் பெரும்பாலும் யாரும் எட்டியே பார்ப்பதில்லை.

மழையை மறப்பது, பிறகு ஹோஸை வாரி அடிப்பது

பாய்மரம் டெக்கை (மேல்தளம்) துளைத்துக் கீல்வரை (படகின் அடியிலுள்ள கனமான பகுதி) இறங்கும் படகுகளில், மேலே கயிறுகளும் ஒயர்களும் போகும் துளைகள் வழியாக மழைநீர் மரத்துக்கு உள்ளேயே இறங்கி பில்ஜில் விழும். டெக்கில் மரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் உறையை எத்தனை முறை ஒட்டினாலும் இது நிற்காது. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளைத் தாங்கும் செயின்பிளேட், ஸ்டாஞ்சன் (டெக் ஓரத்துக் கைப்பிடித் தூண்) அடித்தளம், ஜன்னல் ஓரம் என்று மற்ற வழிகளும் உண்டு. டெக்கின் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே பால்சா மரம் வைத்திருந்தால் ஒரு ஸ்டாஞ்சனில் நுழைந்த தண்ணீர் அந்த மரத்தை ஊறவைத்தபடி போய் எங்கோ தள்ளிச் சொட்டும்.

ஹோஸ் சோதனையில் எல்லோரும் டெக் முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்கிறார்கள். உள்ளே சொட்டினாலும் எதனால் என்று தெரியாது. தாழ்வான இடத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருத்துதல், அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு. அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

துறையில் கட்டிவைத்தே முடிவு செய்வது

ஹல்லும் டெக்கும் சேரும் விளிம்பு, நிமிர்ந்து நிற்கும் படகில் தண்ணீரையே தொடாது. சாய்ந்து ஓடும்போது மணிக்கணக்கில் நனையும். பில்ஜ் பம்பின் வெளியேற்றுத் துளையும் சாய்வில் நீர்மட்டத்துக்குக் கீழே போகலாம். குழாயில் மேலே ஒரு வளைவும் தண்ணீர் தானாகத் திரும்பி இழுபடாமல் காற்றை விடும் சைஃபன் வால்வும் இல்லாவிட்டால் கடல் திரும்பி உள்ளே வரும். எந்தப் பக்கம் சாய்ந்தபோது சேர்ந்தது, மழை பெய்ததா, எஞ்சின் ஓடியதா, டேங்க் நிரப்பியதா என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பக்கம் நிரம்புவதற்குள் பாதிச் சந்தேகங்கள் கழிந்துவிடும்.

பம்ப் நின்றதும் எப்போதும் அதே அளவு தண்ணீர் திரும்பி வருகிறதா? அது கசிவே இல்லாமலிருக்கலாம். உள்விட்டம் 25 மி.மீ. உள்ள 3 மீட்டர் குழாயில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நிற்கும். பம்ப் நின்றதும் அது அப்படியே கீழே இறங்கும். ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இருந்தால் இன்னொரு சிக்கல்: கசிவு எவ்வளவு என்பதையே அது மறைத்துவிடும். எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் கவுன்ட்டர் ஒன்றை மாட்டலாம். சோதனைக்காக சுவிட்சை அணைத்துவிட்டுப் படகை விட்டுப் போவது மட்டும் வேண்டாம். எல்லா சீகாக்கையும் மூடிவைத்து ஒரு இரவு பார்ப்பது நல்ல சோதனை. அப்போது எஞ்சின் சாவியை எஞ்சின் சீகாக்கின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டால், மறந்துபோய் ஸ்டார்ட் செய்து பம்பைக் கெடுக்க மாட்டீர்கள்.

கீல் போல்ட்டுக்கு உள்ளிருந்து பூசுவது

கீலை ஹல்லோடு பிடித்திருக்கும் போல்ட்டின் தலையைச் சுற்றி சீலன்ட் பூசினால் தண்ணீர் தெரிவதுதான் நிற்கும். உள்ளே வருவது நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், ஆக்ஸிஜன் இல்லாமல் ஈரத்தில் அடைபட்டிருந்தால் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். இந்தச் சந்தேகம் இருந்தால் படகைக் கரையேற்றும் நாளில் பில்ஜை இறைத்துத் துடைத்துவைப்பதுதான் தவறு. எண்ணெய் கலக்காத சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் விட்டுவைத்து, கீலும் ஹல்லும் சேரும் கோட்டில் வெளியே சொட்டுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். கீல் தரைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டால் எடை அமுக்கி அந்த இடைவெளி இறுகிக்கொள்ளும். படகு கிரேன் பெல்ட்டில் தொங்கும் சில நிமிடங்களுக்குள்ளேயே பார்த்துவிட வேண்டும்.