கைக்குழந்தை உள்ள வீடுகள் ஒன்றுக்கொன்று தோள்கொடுக்கும் வழி

"எதுவானாலும் சொல்லுங்க" என்று நான் பல தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன், மனதாரத்தான் சொன்னேன். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் குடியிருந்த பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு மாலையில், மூத்த மகனுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, அவர் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று வயது மகனை மடியில் சாய்த்துக்கொண்டு, தனியாக ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போய்வந்தார் என்பது மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "உங்க வீட்டுலயும் அது சமையல் நேரம்தானே அக்கா, எப்படிக் கூப்பிடுறது" என்றார். நான் சொன்ன அந்த வார்த்தையில் அவர் பிடித்துக்கொள்ள ஒரு பிடி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன உதவி, எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று எதுவும் சொல்லாமல் பொதுவாகத் திறந்து வைத்த கதவுக்குள் களைத்துப்போன ஒரு தாய் நுழையமாட்டார்.

ஆகவே முதல் வேலை, உதவியைச் சின்னதாக்கி, நாளும் நேரமும் குறித்துச் சொல்வதாகும். "செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை உங்கள் மூத்தவனை எங்கள் வீட்டில் விடுங்கள், என் மகளோடு விளையாடட்டும்" என்று சொன்னால், அதை ஏற்பதும் மறுப்பதும் அவருக்கு எளிது. நாங்கள் நான்கு வீட்டுப் பெண்கள் இப்படித்தான் தொடங்கினோம். மூன்று அல்லது நான்கு வீடுகள் போதும் என்பது என் அனுபவம். ஏழெட்டு வீடுகள் சேர்ந்தால் பேச்சு பெருகி, வேலை யாருடையது என்பது மங்கிவிடுகிறது. செருப்பு மாட்டிக்கொண்டு குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஐந்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய தொலைவுக்குள் அவ்வீடுகள் இருக்கவேண்டும். குழந்தைகளின் வயது சற்று முன்பின்னாக இருப்பது நல்லது. ஆறு மாதக் குழந்தையின் தாய்க்கு இரண்டு வயதுப் பிள்ளையின் தாய் சொல்வது நேற்றைய செய்திபோலப் பசுமையாக இருக்கும்.

ஆளைத் தேடி அலையவேண்டியதில்லை. அங்கன்வாடி வாசலில் காத்திருக்கும்போதும், தடுப்பூசி நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும், மாலையில் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதும் பார்க்கிற அதே முகங்கள்தான். பேச்சைத் தொடங்கக் குழந்தையின் பெயரும் வயதும் போதும். ஆனால் உதவி கேட்பதற்கு முன் ஒருமுறையாவது நாம் உதவியிருக்கவேண்டும். கேட்கத் தயங்குகிற பெண்ணுக்கு அதுவே துணிவு தரும்.

உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் அங்கேதான் நம்முடைய அன்பும் சங்கடமும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிள்ளை பெற்ற வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல் நாம் இனிப்புப் பெட்டியை வாங்கிப் போகிறோம். பச்சை உடம்புக்காரிக்கு வேண்டியது பெரும்பாலும் காலை பத்து மணிக்கு ஒரு தூக்கில் சூடான கஞ்சியோ, பூண்டு தட்டிப்போட்ட ரசமும் சோறுமோதான். பத்தியம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கட்டாயம், இன்னொரு வீட்டில் அதைச் சொன்னாலே மாமியார் முகம் மாறும். ஆகவே சமைப்பதற்கு முன் அந்த வீட்டின் பெரியவரிடமே கேட்டுவிடுங்கள். "அம்மா, அவளுக்கு இன்னைக்கு நான் ஏதாவது செஞ்சு கொண்டாரேன், எது கொடுக்கலாம், எது ஆகாது சொல்லுங்க" என்று கேட்டால், நாம் அந்த வீட்டுக்குப் போட்டியாக வரவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். அடுத்த வாரம் அவரே கதவைத் திறந்து வைப்பார்.

எங்களுக்குள் நாங்கள் செய்துகொண்ட ஒரே ஒப்பந்தம் பாத்திரத்தைப் பற்றியது. நம் பக்கம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். அழகான வழக்கம்தான். ஆனால் அந்த மூன்றாவது வீட்டுப் பெண் என் எவர்சில்வர் தூக்கை ஒன்பது நாள் திருப்பாமல் வைத்திருந்தார், அதில் போட்டுத் தருவதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்து, செய்ய நேரம் கிடைக்காமல். நான் போய் எடுத்தபோது அது கழுவி, துடைத்து, அடுப்பு மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஊறவைத்த பாசிப்பருப்பு நுரைத்துப் போயிருந்தது. அன்றைக்குப் பேசி முடிவு செய்தோம்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தூக்கு வெறுமையாகவே திரும்பும், கழுவாமல் திரும்பினாலும் குறையில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் நாம் கொடுக்கும் சோறே அவருக்குக் கடனாகிவிடும். இட்லி மாவு அரைப்பதையும் இப்படிப் பங்கிடலாம். கிரைண்டரில் ஒருவர் ஒரு தடவை அரைக்கும் மாவு இரண்டு வீட்டுக்குத் தாராளமாகப் போதும், வாரம் மாற்றி வாரம் அரைத்தால் இருவருக்கும் ஒரு பொழுது மிச்சம்.

பிள்ளையை அடுத்த வீட்டில் விடுவது அடுத்த படி. இதில் அவசரம் கூடாது. முதல் தடவை தாயும் கூடவே இருக்கட்டும். இரண்டாம் தடவை கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும் நேரத்துக்கு மட்டும் விடட்டும். குழந்தை அந்த வீட்டின் வாசனைக்கும் குரலுக்கும் பழகியபிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நீட்டலாம். பார்த்துக்கொள்பவர் தன் வீட்டைக் குழந்தையின் உயரத்தில் குனிந்து ஒருமுறை பார்க்கவேண்டும். குளியலறையில் நிறைத்து வைத்த வாளியும், தாழ்வான பிளக்கில் தொங்கும் சார்ஜர் வயரும், பாட்டியின் மாத்திரை டப்பாவும், கட்டிலை ஒட்டிய ஜன்னலும் நின்றுகொண்டிருக்கும் நம் கண்ணுக்குப் படுவதில்லை. அரை வாளித் தண்ணீரே தவழும் குழந்தைக்கு ஆபத்து, கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

எங்கள் ஒவ்வொருவரிடமும் மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு தாள் இருக்கிறது; பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். குழந்தையின் பிறந்த தேதி, எடை, ஒவ்வாத உணவு, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், தாய் தந்தையின் எண்கள், இவ்வளவே. எந்த மருந்தும் தாயைக் கேட்காமல் கொடுப்பதில்லை. காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதாலும், ஒரே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு அடர்த்தியில் கடையில் கிடைப்பதாலும், "எங்க பிள்ளைக்கு இதைத்தான் கொடுத்தோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இதைப் பக்குவமாகச் சொல்லவேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சாகும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது தெரிந்ததுதான். வேலைக்குப் போகும் தாய் பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போனால், சுத்தமான, மூடிய பாத்திரத்தில் நேரம் எழுதி ஒட்டி பிரிட்ஜின் உள்பக்கம் வைக்கவேண்டும், கதவுத் தட்டில் வேண்டாம். வெளியில் வைத்தால் நான்கு மணி நேரம் என்பது மிதமான அறைக்குச் சொன்ன கணக்கு. நம் சித்திரை வெயிலுக்கு அதை நம்பக்கூடாது. கொடுக்கும்போது வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். நேராக அடுப்பில் வைக்கவேண்டாம்.

தடுப்பூசி நாள் துணை தேவைப்படும் நாள். பிறந்தவுடன் போடுபவை போக, ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்கள் என்று அடுத்தடுத்து வரும். பிறகு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் அடுத்த தவணை. அந்த முதல் மூன்று தவணைகளின்போது தாயின் உடம்பே இன்னும் தேறியிருக்காது. தமிழ்நாட்டின் அரசு சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் புதன்கிழமைதான் ஊசி நாள் என்பதால், ஒரே தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தேதி நெருங்கி வந்தால் இரு தாய்மாரும் ஒரே ஆட்டோவில் போகலாம். மூன்றாமவர் மூத்த பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் மறப்பது அன்றைய இரவை. ஊசி போட்ட குழந்தை சிணுங்கும், லேசாகக் காயும், தூளியில் போட்டால் வீறிடும், தோளை விட்டு இறங்காது. அந்த இரவுச் சமையலை இன்னொரு வீடு எடுத்துக்கொண்டால் அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

வயிற்றுப்போக்கு வந்த வீட்டுக்கு உதவுவதற்கும் ஒரு முறை உண்டு. ஓஆர்எஸ் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுவதையும் கரைக்கவேண்டும். பாதியைப் போட்டுப் பாதியை மடித்து வைப்பது தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ கூடிநின்று யோசனை சொல்லாமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடவேண்டும், வண்டிக்கு 108. ஒருவர் கூடப் போக, ஒருவர் வீட்டிலிருக்கும் பிள்ளையைப் பார்க்க, ஒருவர் கணவருக்குச் செய்தி சொல்ல என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அந்தப் பதற்றத்தில் பாதி குறையும்.

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் மருந்துச் செய்திகளையும் நாட்டு வைத்தியக் காணொளிகளையும் அனுப்புவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளின் எடையையும் நிறத்தையும் எப்போது பேசினான், எப்போது நடந்தாள் என்பதையும் ஒப்பிடவே கூடாது. "என் பொண்ணு பத்து மாசத்துலயே நடந்துட்டா" என்று சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியம், பதினான்கு மாதப் பிள்ளையை வைத்திருக்கும் தாயை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்யும். கேட்டால் மட்டுமே யோசனை. கேட்காதபோது, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பதே பெரிய உதவி.

வேலைக்குப் போகும் தாயும் வீட்டிலிருக்கும் தாயும் சேரும் இடத்தில் நியாயம் சற்று கவனமாகப் பார்க்கப்படவேண்டும். 2017 முதல் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்புத் தருகிறது. 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தரவேண்டும் என்றும் சொல்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். விடுப்பு முடிந்தபின் "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தினமும் பிள்ளையை விட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. எப்போதாவது ஒருநாள் பார்த்துக்கொள்வது உதவி. திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பதிலிருந்து ஆறு வரை என்றால் அது வேலை, அதற்குச் சம்பளம் பேசிக் கொடுக்கவேண்டும். பேசத் தயங்கினால் ஆறு மாதத்தில் அந்த நட்பு முறிந்துபோகும். வேலைக்குப் போகிறவர் தன் பங்கைச் சனி, ஞாயிறுகளில் செய்யலாம். எங்களில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்து வரை நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வைத்துக்கொள்கிறார். அவருடைய கணவரே எல்லாருக்கும் தோசை வார்க்கிறார். அந்த இரண்டு மணி நேரம் நான் தலைக்குக் குளித்து, நிதானமாகக் காப்பி குடித்து, ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்பாக்களை இதில் இழுத்துப் போடாவிட்டால், பெண்களுக்குள்ளேயே சுமையைக் கைமாற்றிக்கொண்டிருப்பதோடு நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே தணிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஒரு தாய் சிரிப்பை மறந்து, குழந்தை தூங்கும்போதும் தூங்காமல், சாப்பாட்டை ஒதுக்கி, "நான் நல்ல அம்மா இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அதைச் சோம்பல் என்றோ திருஷ்டி என்றோ தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று அவர் சொன்னால் ஒரு நொடியும் தனியாக விடாமல், வீட்டாரிடம் மறைக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அவரை மதிப்பவர் யாரோ அவர்தான் வீட்டாரிடம் பேசவேண்டும். சில வீடுகளில் அது மாமியாராகவே இருக்கும்.

வாடகை வீடுகளில் இருப்பவர்கள் நாம். ஒருநாள் காலி செய்துகொண்டு போவோம். அந்த மூன்றாவது வீட்டுப் பெண் போன வைகாசியில் வேறு ஊருக்குப் போனார். கிளம்புவதற்கு முந்தைய நாள், மகனுக்குச் சிறிதாகிப்போன சட்டைகளையும் ஜட்டிகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்து, வயது வாரியாக மூன்று பைகளில் கட்டி, ஒவ்வொரு பையிலும் எத்தனை மாதப் பிள்ளைக்கு என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதி, புதிதாகக் குடிவந்திருந்த ஏழு மாதக் கர்ப்பிணியின் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பைகளைக் கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்களுக்கு என்ன வேலை இருக்கும்?"