ஃபிரட்டர்னிட்டி பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டிகளை (பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளால் பெயரிடப்பட்ட ஆண் மாணவர் சங்கங்களை)ப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் விஷமிகள் அல்லர். சங்கத்தின் மீது பாசம் கொண்ட உறுப்பினர்கள்தான். சங்கத்தின் அடையாள மலர் எது, நிறம் எது, ரத்தினம் எது என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். கருப்பின மாணவர்களை எப்போது சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

'முதல்' என்ற சொல்லை அடைமொழி இல்லாமல் எழுதிவிடுவது இவர்களின் வழக்கமான தவறு. கிரேக்க எழுத்துப் பெயர் தாங்கிய முதல் மாணவர் சங்கம் 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா. ஆனால் அது பிற்காலத்தில் கல்விச் சிறப்புக்கான கௌரவ அமைப்பாக மாறிவிட்டது. அதனால், இன்றுவரை தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய சமூக ஃபிரட்டர்னிட்டி (நட்புக்கும் கூடிப் பழகுவதற்குமான சங்கம்) என்ற பெருமை, யூனியன் கல்லூரியில் 1825இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சொசைட்டிக்குப் போகிறது. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை 'முதல் கருப்பினச் சங்கம்' என்று மொட்டையாக எழுதினால், 1904இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய சிக்மா பை ஃபையை எங்கே வைப்பது? அது மாணவர்களுக்கானதன்று, தொழில்துறைப் பெரியவர்களுக்கானது. அந்த வேறுபாட்டை அடைமொழிதான் சொல்ல வேண்டும்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. கப்பா ஆல்ஃபா சொசைட்டி வேறு. 1865இல் வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் தொடங்கிய கப்பா ஆல்ஃபா ஆர்டர் வேறு. செய்தித்தாள்கள் இரண்டையும் 'கப்பா ஆல்ஃபா' என்றே எழுதுவதுண்டு. ஊரையும் கல்லூரியையும் சரிபார்க்காமல் செய்தியை மேற்கோளாகச் சேர்த்தால், ஒருவர் செய்த குற்றம் இன்னொருவர் தலையில் விழும்.

சங்கத்தின் சொந்த இணையதளத்தை மட்டும் நம்பி முழுக் கட்டுரையையும் எழுதுவதும் தவறே. தொடங்கிய நாள், தலைமையகம் இருக்கும் ஊர் போன்ற சர்ச்சையில்லாத தகவல்களுக்கு அது போதும். புகழ்ச்சிக்குப் போதாது. 1879 முதல் 1991 வரை பல பதிப்புகள் கண்ட, ஃபிரட்டர்னிட்டிகளைப் பற்றிய தகவல் நூலான பேர்டின் கையேடு, கல்லூரி நாளிதழ்களின் பழைய இதழ்கள், பல்கலைக்கழக வரலாறுகள் ஆகியவை வெளியார் பார்வையைத் தரும். சடங்குகளின் ரகசியம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அச்சில் வராதது கட்டுரையில் இடம்பெற முடியாது.

சர்ச்சைகளில் இரு தரப்பும் தவறு செய்கிறார்கள். உறுப்பினர்கள் ராகிங் செய்தியை நீக்குகிறார்கள். எதிர்ப்பாளர்கள் எந்தக் கிளையில் எது நடந்தாலும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் கிளை 2015இல் இனவெறிப் பாடலுக்காக மூடப்பட்டது. அதை எழுதத்தான் வேண்டும், ஆனால் கிளை செய்தது எது, தேசியத் தலைமை செய்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். சில நேரம் இரண்டும் நேரெதிராக இருக்கும். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை 1948இல் ஒரு கருப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டதற்காகத் தேசியத் தலைமையே அதை இடைநீக்கம் செய்தது. சங்கத்தின் குணத்தை மலரும் ரத்தினமும் சொல்லாத அளவுக்கு இந்த ஒரு நிகழ்ச்சி சொல்லிவிடுகிறது. இதைச் 'சர்ச்சைகள்' என்ற மூலையில் ஒதுக்காமல் வரலாற்றுப் பகுதியிலேயே வைப்பதுதான் முறை.

புகழ்பெற்ற உறுப்பினர் பட்டியலில் மார்ட்டின் லூதர் கிங் பெயர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவுக்குக் கீழே வரலாம், ஆதாரம் ஏராளம். உங்கள் கிளையின் சென்ற ஆண்டுப் பொருளாளர் பெயர் வேண்டாம்.

நீங்களே உறுப்பினராக இருந்தால், அதைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பவர்கள் கலந்துபேசும் பக்கத்தில்) சொல்லிவிட்டு, மாற்றத்தை ஆதாரத்துடன் அங்கே முன்மொழியுங்கள். சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்கிப் பலர் சேர்ந்து தொகுத்தால் அந்தக் கணக்கு முடக்கப்படும்.

படங்களிலும் கவனம் தேவை. சங்கச் சின்னங்கள் பலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. இணையத்திலிருந்து எடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியா படங்களைச் சேமிக்கும் தளத்தில்) ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். தெருவில் நின்று சங்க வீட்டை நீங்களே எடுத்த படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.