வீட்டுக்குள் தினமும் எரிக்க எந்தப் பெட்ரோமாக்ஸ்? வாங்குவது முதல் ஏற்றுவது வரை

ஊர்வலத்தில் தலைமேல் சுமந்து போகும் விளக்கைத்தான் நம்மில் பலர் பெட்ரோமாக்ஸ் என்று அறிவோம். அது பெர்லினில் இருந்த ஒரு ஜெர்மன் கம்பெனியின் வணிகப் பெயர். நாளடைவில், காற்றடித்து எரிக்கும் எந்த மண்ணெண்ணெய் விளக்குக்கும் அதுவே பெயராகிவிட்டது. அந்த ஊர்வல விளக்கு பெரும்பாலும் 500 கேண்டில் பவர் (வெளிச்சத்தை அளக்கும் பழைய கணக்கு), சுருக்கமாக 500 சி.பி. பந்தலுக்கு அது சரி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் வைத்தால் கண் கூசும், இரைச்சல் தாங்காது, வேர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறே இதுதான்.

கரண்ட் வராத தோட்டத்து வீடு, மலைக்காட்டுக் குடியிருப்பு போன்ற இடங்களுக்கே இந்த விளக்கு பொருத்தம். அரை மணி நேரக் கரண்ட் கட்டுக்காக வாங்க வேண்டாம். ஏற்றி நிலைப்படுத்தவே ஐந்து நிமிடம் போய்விடும்.

பம்பு ஸ்டவ் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் புதிதல்ல. டேங்கில் அடைத்த காற்று எண்ணெயை மேலே தள்ளும். சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகி, நிப்பிள் எனும் நுண்துளை முனை வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து, மேண்டில் எனும் சிறு வலைத்துணிப் பைக்குள் நீலமாக எரியும். அந்தச் சூட்டில் மேண்டில் வெள்ளையாக ஒளிரும். குழாய் போதிய அளவு சூடாகாவிட்டால் ஆவிக்குப் பதில் எண்ணெயே வரும். அப்போது மஞ்சள் தீ கிளம்பி, கரி பறக்கும். புதியவர்களைப் பயமுறுத்தும் தீயெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

படி 1: அளவை முடிவு செய்யுங்கள்

500 சி.பி. விளக்கு ஒரு லிட்டரில் சுமார் 8 மணி நேரம் எரியும். 200 முதல் 300 சி.பி. வரையுள்ளவை ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும். தினமும் 4 மணி நேரம் எரித்தால் மாதத்துக்குப் பெரியதற்கு 15 லிட்டர், சிறியதற்கு 10 லிட்டர் எண்ணெய் வேண்டும். சூட்டையும் கணக்கில் சேருங்கள். பெரியது ஏறத்தாழ 1,200 வாட் ஹீட்டர் அளவு வெப்பம் தரும், சிறியது 800 வாட். கொடைக்கானல் டிசம்பரில் அது வரம், வேலூர் மே மாதத்தில் தண்டனை.

500 என்று பொறித்திருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். நடைமுறையில் அந்த விளக்கின் வெளிச்சம் பழைய 100 வாட் குண்டு பல்பை ஒட்டித்தான் இருக்கும். படிக்க, சமைக்க, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட 250 சி.பி. தாராளம்.

படி 2: எப்படிச் சூடேற்றுவது என்று பாருங்கள்

ஒரு வகையில் குழாயைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவர்கள் வாங்கும் அதே ஸ்பிரிட் போதும். பிரிட்டனின் டில்லி (Tilley) கம்பெனி விளக்குகளில் ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சுக் கவ்வியைக் குழாயில் மாட்டுவார்கள். மூன்றாவது வகையில், டேங்கிலுள்ள எண்ணெயையே பீய்ச்சி எரிக்கும் சிறு டார்ச் உள்ளேயே இருக்கும். இதற்கு ஸ்பிரிட் தேவையில்லை. ஆனால் காற்று குறைந்தால் டார்ச் புகையும். வீட்டுக்குள் தினசரி புழங்க ஸ்பிரிட் வகையே சுத்தம் என்பது எங்கள் கருத்து.

படி 3: பழைய விளக்கைக் கடையிலேயே சோதியுங்கள்

நல்ல விளக்குகள் பல பழைய சாமான் கடைகளில்தான் கிடைக்கும். ஒரு காந்தம், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், கால் லிட்டர் மண்ணெண்ணெய் எடுத்துப் போங்கள்.

காந்தம் டேங்கில் ஒட்டினால் அது இரும்பு, மேலே முலாம் மட்டுமே. ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும், அந்தத் துரு நிப்பிளை அடைக்கும். மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சால் உள்ளே பாருங்கள். அடிப்பகுதியில் ஈயப் பற்று வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் விலை எதுவானாலும் வேண்டாம். காற்றழுத்தம் ஏறும் டேங்கில் ஒட்டுப்போட்ட இடம் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து எண்ணெய் ஊற்றி இருபது முறை பம்பு அடியுங்கள். அடிக்கும்போது எதிர்ப்பே தெரியவில்லை என்றால் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது. இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் தோலை விரித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இதற்காக விளக்கை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். கையை எடுத்ததும் பம்புத் தண்டு தானாக மேலே எழும்பினாலோ, பம்புக்குள் எண்ணெய் ஏறினாலோ அடி வால்வின் ரப்பர் போய்விட்டது. மாற்றக்கூடியதுதான். ஆனால் அந்த மாடலுக்கு வால்வு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

அழுத்தத்தோடு வைத்து, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வருகிறதா என்று பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மூடி வாஷரில் குமிழ் வந்தால் பரவாயில்லை. டேங்கின் உடம்பில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

கண்ணாடி வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியை வெட்டி மாட்டியிருந்தால் முதல் நாளே விரியும். கடைசியாக, நிப்பிள், அதன் துளையைச் சுத்தம் செய்யும் ஊசி, மேண்டில் மூன்றும் உள்ளூரில் கிடைக்காத விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஷோகேசுக்குத்தான் ஆகும்.

படி 4: மேண்டில்

விளக்கின் சி.பி. அளவுக்கே மேண்டிலும் வாங்க வேண்டும். பீங்கான் முனையில் சுருக்கங்கள் சமமாக வரும்படி கட்டி, மீதி நூலை வெட்டிவிடுங்கள். முதல் முறை எரிந்ததும் துணி சாம்பல் கூடாகிவிடும். அதன்பிறகு விரல் பட்டால் உதிரும்.

பழைய மேண்டில்களில் தோரியம் உண்டு, லேசான கதிரியக்கம் கொண்டது. இதற்கான, தோரியம் கொண்ட மோனசைட் மணலைக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். தோரியம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் சாம்பலை ஊதாதீர்கள், மாற்றியபின் கை கழுவுங்கள்.

படி 5: ஏற்றுவது

எப்போதும் வெளியே வைத்து ஏற்றி, நிலைத்தபின் உள்ளே கொண்டுவாருங்கள்.

1. நிறம் சேர்க்காத மண்ணெண்ணெயை வடிகட்டி, டேங்கில் முக்கால் அளவு ஊற்றவும். காற்றுக்கு இடம் வேண்டும். பெட்ரோல் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, வெடிக்கும்.
2. எண்ணெய்க் குமிழை (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் திருப்பி) மூடி, காற்றுத் திருகை (டேங்கின் காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து வைத்து, கிண்ணம் நிறைய ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்கவும். எரிந்து அணைந்து, கிண்ணம் ஆறியபின் இன்னொரு முறை. எரியும் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது.
3. இரண்டாவது ஸ்பிரிட் தீரும் தறுவாயில் காற்றுத் திருகை இறுக்கி, பத்துப் பதினைந்து முறை அடித்து, குமிழைத் திறக்கவும்.
4. மேண்டில் ஒளிர்ந்ததும் மீதிக் காற்றை அடிக்கவும். காற்றழுத்த மீட்டர் இருந்தால் சிவப்புக் கோடுவரை. இல்லாவிட்டால் வெளிச்சம் கூடுவது நின்றதும் நிறுத்தவும்.

மஞ்சள் தீ எழுந்தால் பதறி ஊதாதீர்கள். காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் தீ அடங்கும். ஆறவிட்டு மறுபடி ஸ்பிரிட்டிலிருந்து தொடங்குங்கள்.

உள்ளே எங்கே வைப்பது?

மேல்மூடிக்கும் கூரைக்கும் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். ஓலைக் கூரைக்குக் கீழே கூடவே கூடாது. ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக அறையில் சேரும். அதோடு நச்சுவாயுவும் கொஞ்சம் வரும். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களாவது திறந்திருக்கட்டும். விளக்கை எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

மேண்டிலில் கரும்புள்ளி விழுந்தால் காற்று குறைவு. இன்னும் காற்றடித்தால் அந்தப் புள்ளி எரிந்து மறைந்துவிடும். வெளிச்சம் துடித்தால் எண்ணெயில் தண்ணீர் இருக்கலாம், அல்லது குழாயில் கரி கட்டியிருக்கலாம். காற்று நிறைய இருந்தும் மங்கினால் நிப்பிள் அடைப்பு. குமிழைத் திருப்பி ஊசியை ஓரிரு முறை ஏற்றி இறக்குங்கள். புது மேண்டில் போட்டும் தீ வெளியே நீண்டால் நிப்பிள் துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மேண்டிலில் ஊசி முனையளவு ஓட்டை கண்டாலும் அன்றே மாற்றுங்கள். அந்த ஓட்டை வழியாகப் பாயும் தீ நேரே கண்ணாடியில் அடித்து அதை உடைத்துவிடும். கண்ணாடியின் விலை நாலைந்து மேண்டில் விலைக்குச் சமம்.